‘காலு கடுக்குது’ என்று பிள்ளை சொன்னால்: ஊவாத் தோட்டங்களில் கட்டிளமைப் பருவத் தசைக் களைப்பு

‘காலு கடுக்குது’, ‘கையெல்லாம் ஓயுது’, ‘ஒடம்பு அசதியா இருக்கு’. ஊவா மாகாணத்துத் தோட்டங்களில் பதினொரு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளோடு சற்று நேரம் பேசினால் இந்த மூன்றில் ஒன்றையாவது கேட்கலாம். வீட்டில் இதற்குக் கிடைக்கும் பெயர் சோம்பல். பாடசாலையில் கவனயீனம். ஆண்பிள்ளை என்றால் ‘இந்த வயசுல என்னடா அலுப்பு’ என்ற அதட்டல். பெண்பிள்ளை என்றால் ‘வயசுக்கு வந்தா அப்படித்தான்’ என்ற சமாதானம். இரண்டிலும் விசாரணை அத்தோடு முடிந்துவிடுகிறது.

சம்பளம், காணி, வீடு என்று வெவ்வேறு செய்திகளுக்காகப் பசறை, லுணுகலை, ஹப்புத்தளை, கொஸ்லந்தைப் பக்கங்களுக்குப் போய்வரும்போதெல்லாம் இந்தப் பேச்சு என் காதில் விழுந்திருக்கிறது. நான் வைத்தியர் அல்ல. ஆனால் இந்தக் களைப்பில் எது வளர்ச்சியின் இயல்பு, எது குறைபாடு, எது நோய் என்று பிரித்துச் சொல்லும் தமிழ்க் குறிப்பு ஒன்று பெற்றோர் கையில் இருக்க வேண்டும் என்று தோன்றியது. பதுளை மாவட்டத்தை வைத்தே எழுதுகிறேன். 1977இலும் 1983இலும் மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்களுக்கும், யுத்தத்துக்குப் பின் ஒருவேளைச் சாப்பாட்டைக் கணக்குப் பார்த்துப் பிள்ளை வளர்க்கும் எவருக்கும் இது பொருந்தும்.

உடலுக்குள் நடப்பது என்ன?

ஒரு மனிதர் தமது முழு உயரத்தில் 15 முதல் 20 வீதத்தையும், முழு எடையில் ஏறத்தாழ பாதியையும் கட்டிளமைப் பருவத்திலேயே பெறுகிறார். பெண்பிள்ளைகளுக்கு இந்த வேகம் 12 வயதை ஒட்டியும், ஆண்பிள்ளைகளுக்கு 14 வயதை ஒட்டியும் உச்சத்துக்கு வருகிறது. உச்ச ஆண்டில் ஒரு பிள்ளை 8 முதல் 10 சென்ரிமீற்றர் வரை உயரலாம். சத்துக் குறைந்த பிள்ளைகளுக்கு இது ஓரிரு ஆண்டு தாமதமாகும்.

இதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் என்பு நீளுகிறது. தசை பெருப்பது அதன் பின்னர். தசையின் பலம் கூடுவது அதற்கும் பின்னர். ஆகவே கைகாலின் நீளம் கூடிவிட்டது, அதைத் தூக்கி நடத்தும் பலம் இன்னும் வரவில்லை என்ற இடைவெளி பல மாதங்களுக்கு இருக்கும். நேற்றுவரை ஓடித் திரிந்த பிள்ளை இன்று தடுக்கி விழுவதும், பாத்திரத்தைக் கை நழுவ விடுவதும், சீக்கிரம் அமர்ந்துவிடுவதும் இதனால்தான். இந்த அளவிலான களைப்பு இயல்பு. ஓய்வு எடுத்தால், சாப்பிட்டால், தூங்கினால் தணியும். அவை கிடைத்தும் தணியாத களைப்புக்குக் காரணம் தேட வேண்டும்.

ஏற்றமும் இறக்கமும்

பதுளை நகரம் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஹப்புத்தளை 1,400 மீற்றரைத் தாண்டுகிறது. இடையில் உள்ள தோட்டங்களில் வீட்டிலிருந்து பாடசாலைக்குச் சமதரையில் நடந்து போகும் பிள்ளைகள் குறைவு. குறுக்குப் பாதையில் ஏறி, தார் ரோட்டில் நடந்து, மீண்டும் இறங்க வேண்டும். பேருந்து வராத நாளில் தூரம் இரட்டிப்பாகும்.

ஏற்றத்தில் மூச்சு வாங்குவது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்த நாள் வலியைத் தருவது பெரும்பாலும் இறக்கம். இறங்கும்போது தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலின் பாரத்தைத் தாங்குகிறது. அப்போது தசை நார்களில் மிக நுண்ணிய சிதைவுகள் ஏற்படுகின்றன. வலி உடனே தெரியாது. ஒரு நாள் கழித்துத் தொடங்கி மூன்று நாட்கள் வரை நிற்கும். விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் வாரத்திலும், விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி தொடங்கும் வாரத்திலும் பிள்ளைகள் படி இறங்கச் சிணுங்குவது இதனால்தான். இதற்கு மருந்து தேவையில்லை. மெதுவாக நடமாடினால் போதும், தசை தன்னைத்தானே சீர் செய்துகொண்டு முன்னையதைவிடப் பலமாகும். அப்படிச் சீர் செய்ய அதற்குப் புரதமும் தூக்கமும் வேண்டும். பிரச்சினை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

குருதியில் இரும்பு

தசை வேலை செய்ய ஒட்சிசன் வேண்டும். அதைச் சுமந்து வருவது குருதியிலுள்ள ஈமோகுளோபின். தசைக்குள் அதை வாங்கி வைத்திருப்பது மயோகுளோபின். இரண்டுக்கும் இரும்பு தேவை. தசைக் கலங்களின் உள்ளே சக்தியை உண்டாக்கும் இழைமணிகளுக்கும் இரும்பு தேவை. ஆகவே குருதிச்சோகை என்று சோதனையில் தெரிவதற்கு முன்னரே, உடலின் இரும்புச் சேமிப்பு வற்றும் கட்டத்திலேயே, பிள்ளை களைக்கத் தொடங்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி 12 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு ஒரு டெசிலீற்றர் குருதியில் ஈமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது குருதிச்சோகை. 15 வயதுக்கு மேல் பெண்பிள்ளைகளுக்கு அதே 12, ஆண்பிள்ளைகளுக்கு 13. ஆண்பிள்ளைக்கு அளவு கூடுவதைக் கவனியுங்கள். அவனது தசையும் குருதியும் பெருகுவதால் அவனுக்கும் இந்த வயதில் இரும்பு அதிகம் வேண்டும். ‘சோகை பொம்பளப் புள்ளைங்களுக்குத்தான் வரும்’ என்பது தவறு.

பெண்பிள்ளைக்கு வளர்ச்சியோடு மாதவிடாய் இழப்பும் சேர்கிறது. வழமையான மாதவிடாயில் 30 முதல் 40 மில்லிலீற்றர் குருதி போகும். அதோடு 15 முதல் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. இதைத் தாவர உணவிலிருந்து மட்டும் ஈடு செய்வது கடினம். அதிலுள்ள இரும்பில் சிறு பங்கைத்தான் எமது குடல் உறிஞ்சுகிறது.

மூன்றாவது வழி கொழுக்கிப் புழு. வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கும்போது தோலைத் துளைத்து ஏறி, குடலில் தங்கிக் குருதியை உறிஞ்சும். தோட்டங்களில் மலசலகூட வசதி எல்லா லயங்களுக்கும் ஒழுங்காக இல்லாதவரை இது ஓயாது. பாடசாலையில் கொடுக்கும் பூச்சிக் குளிசையைப் பிள்ளை விழுங்கியதா என்று கேட்டு வையுங்கள். செருப்பில்லாமல் வெளியே விடாதீர்கள்.

எங்கள் தேயிலையே எங்களுக்குத் தடை

தேயிலையில் உள்ள தனின் போன்ற பொருட்கள் உணவிலுள்ள இரும்போடு குடலில் பிணைந்துகொள்கின்றன. சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்பில் பாதிக்கும் மேற்பட்ட பங்கு உடலில் சேராமலே போய்விடலாம். பால்மா கலந்தாலும் இது மாறாது. பாலிலுள்ள கல்சியமும் இரும்பை உறிஞ்சவிடாது.

தோட்டத்து வீடுகளில் காலைச் சாப்பாடு என்பது பெரும்பாலும் கோதுமை மா ரொட்டி, சம்பல், ஒரு கோப்பை பிளேன்டீ. பெரட்டுக்கு ஓடும் தாய்க்கு அதற்கு மேல் நேரமில்லை. பல பிள்ளைகளுக்கு ரொட்டியும் இல்லாமல் பிளேன்டீ மட்டும். சீனி போட்ட அந்தத் தேநீர் சிறிது நேரம் உற்சாகம் தரும். இரவு முழுதும் சாப்பிடாத உடலுக்குச் சக்தி தராது. இரண்டாம் பாடவேளைக்கு முன் பிள்ளை தலையை மேசையில் வைத்துவிடும்.

தேநீரை நிறுத்தச் சொல்லவில்லை. நேரத்தை மாற்றச் சொல்கிறேன். சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்துக்குப் பிறகு குடிக்கலாம். சாப்பாட்டோடு தண்ணீர், அல்லது தேசிக்காய்த் தண்ணீர். தேசிக்காயிலும் கொய்யாவிலும் நெல்லியிலும் தோடம்பழத்திலும் உள்ள விற்றமின் சி, இரும்பை உறிஞ்சப் பெரிதும் உதவும். பருப்பிலோ கீரைச் சுண்டலிலோ அடுப்பிலிருந்து இறக்கிய பின் அரைத் தேசிக்காயைப் பிழிந்துவிடுவது காசில்லாத மருந்து. எமது கொழுந்தைப் பறித்த கைகளுக்கே இந்தச் செய்தி கடைசியாக வந்து சேர்கிறது என்பதுதான் வேதனை.

ஒரு நாள் கணக்கு

40 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 38 கிராம் புரதம் வேண்டும். சோற்றிலும் ரொட்டியிலும் 25 கிராம் வரை வந்துவிடும். ஆனால் தானியப் புரதம் மட்டும் தசை கட்டப் போதாது, அதில் சில கூறுகள் குறைவு. பருப்பு, பயறு, கடலை, கௌபி ஆகியவற்றில் அவை உண்டு. 50 கிராம் பருப்பில் 12 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். 25 கிராம் நெத்தலிக் கருவாட்டில் ஏறத்தாழ 15 கிராம். ஆக, நாளுக்கு ஒரு கைப்பிடிப் பருப்போ பயறோ, கிழமையில் சில நாள் நெத்தலியோ முட்டையோ சேர்ந்தால் கணக்கு நேராகிவிடும். பயற்றை முளைகட்டினால் விற்றமின் சியும் கூடும்.

இறைச்சியிலும் ஈரலிலும் மீனிலும் உள்ள இரும்பு எளிதில் சேரும். சிறிதளவு சேர்த்தாலும் அதே தட்டிலுள்ள கீரையின் இரும்பும் நன்றாக உறிஞ்சப்படும். வீட்டில் ஒரு மீன் துண்டுதான் இருக்கிறது என்றால், அது வழமைபோல அப்பாவின் தட்டுக்கே போக வேண்டுமா என்று யோசியுங்கள்.

சடங்குச் சாப்பாடு சொல்லும் பாடம்

பெண்பிள்ளை வயதுக்கு வந்ததும் முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி கொடுப்பது எம்மவர் வழக்கம். வடக்கிலும் மலையகத்திலும் உண்டு. வளரும் உடலுக்குத் தனிச் சாப்பாடு வேண்டும் என்று முன்னோர் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு மதிக்கத்தக்கது. ஆனால் அதில் இரண்டு இடைவெளிகள்.

முதலாவது, காலம். பெண்பிள்ளையின் உயரம் மிக வேகமாகக் கூடுவது முதல் மாதவிடாய்க்கு ஓராண்டு அல்லது அதற்கும் முன்னர். நாம் முட்டை கொடுக்கத் தொடங்கும்போது அதிக தேவை இருந்த காலம் கடந்துவிட்டது. பத்து வயதிலேயே தொடங்க வேண்டும். சில நாட்களோடு நிறுத்தவும் கூடாது. இரண்டாவது, ஆண்பிள்ளை. அவனுக்குச் சடங்கும் இல்லை, களியும் இல்லை. குரல் உடைந்து கைகால் நீளும் அந்த இரண்டு ஆண்டுகளில் அவன் வீட்டில் ‘தின்னு தீர்க்கிறவன்’ ஆகிறான்.

சாப்பாடு நின்றுபோகும் வயது

இவ்வளவையும் வீட்டுக்குச் சொல்லிவிட்டு நாட்டைச் சொல்லாமல் விட முடியாது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதத்தினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டத்துறையில் அது 31.7 வீதம். அன்று நான்கு வயதாக இருந்த பிள்ளைக்கு 2025இல் 13 வயது. நான் பேசும் களைத்த பிள்ளைகள் வேறு யாருமல்ல, அந்த 31.7க்குள் இருந்தவர்கள்தான்.

அவர்கள் பத்து வயதை எட்டிய காலத்தில் நாடு வங்குரோத்தானது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். ஒரு வருடத்தில் சாப்பாட்டு விலை ஏறக்குறைய இரட்டிப்பானது. தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபா. அடுத்த உயர்வு, 1,350 ரூபா, 2024இல்தான் வந்தது. அதுவும் முழுப்பேர் கிடைத்தால். இடைப்பட்ட காலத்தில் முட்டையும் நெத்தலியும் பால்மாவும் தட்டிலிருந்து போயின. வளர்ச்சி காத்திருக்கவில்லை.

அரசின் உதவிகளும் இந்த வயதைத் தாண்டிப் போகின்றன. திரிபோஷா கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் சிறு பிள்ளைகளுக்கும். பாடசாலை உணவு பெரும்பாலும் தரம் 5 வரையான ஆரம்பப் பிரிவுக்கு. பிள்ளை தரம் 6க்குப் போகும்போது, அதாவது உடலுக்கு அதிகம் வேண்டிய நேரத்தில், தட்டு எடுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மதிய உணவு பத்தாம் வகுப்பு வரை உண்டு. ஊவாவிலும் வன்னியிலும் இடைநிலைப் பிரிவுக்கு உணவு கேட்பது சலுகை கேட்பதல்ல. பெற்றோர் சங்கங்களும் மலையக நாடாளுமன்ற உறுப்பினர்களும் முதலில் எழுப்ப வேண்டிய கோரிக்கை அதுதான்.

இன்னொன்று. களைத்துப் படிப்பில் பின்தங்கும் பையன்தான் முதலில் கொழும்புக் கடைக்குப் போகிறான். 2021 முதல் 16 வயதுக்குட்பட்டவரை வேலைக்கு வைப்பது சட்டவிரோதம். வளரும் தசையோடு மூட்டை தூக்கும் பிள்ளையின் முதுகுக்கு அந்தச் சட்டம் இன்னும் போய்ச் சேரவில்லை.

இரும்பு மட்டுமே காரணமல்ல

இலங்கையில் தலசீமியா அதிகம் காணப்படும் மாவட்டங்களில் பதுளையும் ஒன்று. இது பரம்பரைக் குருதி நோய். இதைக் கடத்தும் தன்மை மட்டும் உள்ளவர் நலமாகவே இருப்பார், ஆனால் ஈமோகுளோபின் சற்றுக் குறைந்திருக்கலாம். அவருக்கு இரும்புக் குறைபாடு இல்லாதபோது மாதக்கணக்கில் இரும்புக் குளிசை கொடுப்பதால் பலனில்லை. நோய் உள்ளவருக்கோ இரும்பு உடலில் தேங்கித் தீங்காகும். ஆகவே குருதிச் சோதனை இல்லாமல் கடையில் இரும்புக் குளிசை வாங்கித் தொடர்ந்து கொடுக்காதீர்கள். கடத்திகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று என்பதையும் குடும்பங்கள் அறிய வேண்டும்.

தைரொயிட் சுரப்பி மந்தமானாலும் தசை சோரும், குளிர் தாங்காது, எடை கூடும். 1995 முதல் உப்பில் அயடீன் சேர்ப்பது இங்கே சட்டம். உப்பை மூடி வையுங்கள், சமையலின் இறுதியில் சேருங்கள். அடிக்கடி சிறுநீர், தீராத தாகம், மெலிவு இருந்தால் நீரிழிவு. வயல் அல்லது சேற்றில் இறங்கிய பின் காய்ச்சலும் கெண்டைக்கால் கடும் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலாக இருக்கலாம், அன்றே வைத்தியசாலை போக வேண்டும்.

மனச்சுமையும் உடலில்தான் பேசும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. மழை பெய்யும் இரவில் தூங்காத பிள்ளைகள் அப்பகுதிகளில் இருக்கிறார்கள். வன்னியில் இதை விளக்கத் தேவையில்லை. முள்ளிவாய்க்காலையும் மெனிக் பாமையும் கடந்த தாயின் உறக்கமின்மை பிள்ளைக்கும் தொற்றும். கட்டிளமைப் பருவத்தினருக்கு 8 முதல் 10 மணித்தியாலத் தூக்கம் வேண்டும். ஒரே காம்பராவில் ஆறு பேர் படுக்கும் வீட்டில், கையில் போனும் இருந்தால், அது கிடைப்பதில்லை. விருப்பமின்மை, அழுகை, சாக வேண்டும் என்ற பேச்சு களைப்போடு சேர்ந்திருந்தால் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழையுங்கள்.

உடனே காட்ட வேண்டிய அறிகுறிகள்

– தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுதல், கெண்டைக்கால் வீங்கியதுபோல் பெருத்திருத்தல், முக்கியமாக ஆண்பிள்ளைகளில்.
– மாலையில் இமை தொங்குதல், இரட்டையாகத் தெரிதல், விழுங்கக் கஷ்டம்.
– காலில் தொடங்கி மேலேறும் பலவீனம், அல்லது காலையில் எழுந்ததும் கைகால் அசைக்க முடியாமை.
– கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் தேநீர் நிறமாகப் போதல்.
– ஒரு பக்கம் மட்டும் வலி, இரவில் எழுப்பும் வலி, மூட்டு வீக்கம், காய்ச்சல், மெலிவு.
– நடக்கும்போது மூச்சுத் திணறல், நெஞ்சு படபடப்பு, மயக்கம்.
– மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் நீடித்தல், ஓரிரு மணித்தியாலத்துக்கு ஒரு முறை துணி மாற்ற வேண்டியிருத்தல்.

மூச்சுத் திணறலோ, மேலேறும் பலவீனமோ இருந்தால் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். பணம் தேவையில்லை.

எங்கே போவது, என்ன கேட்பது

முதலில் தோட்டத்துக்கு வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அவர் கர்ப்பிணிகளுக்கு மட்டுமானவர் அல்ல. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பாடசாலை மருத்துவப் பரிசோதனை தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடக்கும். 200க்குக் குறைவான மாணவர் உள்ள பாடசாலையில் எல்லாத் தரத்தினரையும் பார்க்க வேண்டும். தோட்டப் பாடசாலைகள் பல இந்த வகைக்குள் வரும். அந்த நாளில் பிள்ளையை மறிக்காமல் அனுப்புங்கள். பாடசாலையில் கிழமைக்கொரு முறை தரும் இரும்புக் குளிசையைத் தண்ணீரோடு, சாப்பிட்ட பின் விழுங்கச் சொல்லுங்கள். மலம் கறுப்பது வழமை, பயம் வேண்டாம்.

களைப்பு நான்கு கிழமைக்கு மேல் நீடித்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலைக்கு, தேவையெனில் பதுளைப் போதனா வைத்தியசாலைக்குப் போங்கள். ‘முழுக் குருதிக் கல எண்ணிக்கை பார்க்க வேண்டுமா?’ என்று கேளுங்கள். சிங்களம் தெரியாது என்று பின்வாங்க வேண்டாம். எப்போதிலிருந்து களைப்பு, நாளின் எந்த நேரத்தில், என்ன செய்தால் தணிகிறது, மாதவிடாய் எத்தனை நாள் என்பவற்றை ஒரு தாளில் எழுதி, சிங்களம் தெரிந்த ஆசிரியர் ஒருவரிடம் மொழிபெயர்த்து எடுத்துச் செல்லுங்கள். தமிழில் சேவை கேட்பது உங்கள் உரிமை. ஆனால் அந்த உரிமை நடைமுறைக்கு வரும்வரை பிள்ளை காத்திருக்கக் கூடாது.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். முதற் பாடவேளையில் தூங்கும் பிள்ளையைத் தண்டிக்கும் முன், காலையில் என்ன சாப்பிட்டாய் என்று தனியே அழைத்துக் கேளுங்கள். வகுப்பின் நடுவே கேட்டால் ‘ரொட்டி’ என்றுதான் சொல்லும்.

1970களின் பஞ்சத்தில் மெலிந்த தாய்க்கு எடை குறைந்து பிறந்தவள், தானும் மெலிந்த பிள்ளையைப் பெற்றாள். அந்தப் பேரப்பிள்ளைதான் இன்று ‘காலு கடுக்குது’ என்கிறது. உடல் இழந்ததில் ஒரு பங்கையாவது மீட்டுக்கொள்ளக் கிடைக்கும் கடைசிப் பெரிய வாய்ப்பு இந்த நான்கைந்து ஆண்டுகள். நாளைக் காலை தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பதிலிருந்து தொடங்கலாம்.